குடிப்பானா என்று மூன்று பேர் கேட்டார்கள்

என் மகன் குடிப்பானா என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் இல்லை என்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆறாவதோடு நின்றவன். எழுத்து கோணலாக வரும். என் பெண் ரம்யா ஒன்பதாவது படிக்கிறாள். அவள் நோட்டில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறேன். மில்லுக்குப் பின்னால் தகர வீடுகள் ஒரு வரிசை இருக்கிறது. வரிசைக்கே ஒரு குழாய். அதில் ஒரு வீடு எங்களுடையது. வீட்டுக்காரி அஞ்சலை மில் களத்தில் நெல் காய வைக்கிறாள். மூத்தவன் தினேசு. பதினாறு வயசு. எட்டாவதோடு நின்றுவிட்டு மார்க்கெட்டில் காய்கறி லாரி இறக்கப் போனான்.

எப்போது ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியாது. முதலில் உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலம். அதை வைத்தால் பசிக்காது. லாரி இறக்குகிற பிள்ளைகள் எல்லோரும் வைப்பார்கள். ஒரு டீ, ஒரு பன், ஒரு பொட்டலம். அதுதான் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. அப்புறம் சாராயப் பாக்கெட். அது எங்கிருந்து வந்தது என்று எழுத மாட்டேன். ஊருக்கே தெரியும்.

அஞ்சலை அவனுக்குச் சோறு மூடி வைப்பாள். காலையில் மூடினபடியே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கரைத்து நாங்கள் குடித்துவிட்டு வேலைக்குப் போவோம். சோறு மிச்சம் என்றுதான் பார்த்தோம். பிள்ளை சாப்பிடவில்லை என்று பார்க்கவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போனது. கடைசியில் பேன்ட் நிற்காமல் சணல் போட்டுக் கட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்தக் கயிறு கட்டுவார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலையடியில் ஒரு சின்னக் கோயில். பூசாரி சூடத்தின் மேல் கையை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்குவார். வலது மணிக்கட்டில் ஏழு முடிச்சு போட்டு மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டின பிறகு பதினோரு நாள் ஒரு வேளைச் சோறு, உப்பில்லாமல். இன்னொன்றும் உண்டு. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. எவன் கேட்டாலும் இவன் குடிக்கிறவன் என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கட்டு அவிழ்ந்துவிடும்.

நானும் கட்டினவன். நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் குடித்த குடி மில்லுக்கே தெரியும். கட்டின நாளிலிருந்து தொடவில்லை. வருஷா வருஷம் போய்ப் புதுக் கயிறு மாற்றிக்கொள்கிறேன். அதனால், நாளைக்குக் கயிறு கட்டப் போலாம் என்று முந்தின நாளே சொல்லி வைத்து, மகனையும் கூட்டிப்போனேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். கோமுகி அணை தெரிகிற இடம் வந்ததும் கேட்டான்.

"ஏன் நைனா, கட்னா பசிக்குமா?"

"பசிக்கும். நல்லா பசிக்கும்."

"அப்ப கட்டிக்கிறேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை. அவனே கையை நீட்டினான்.

மறுநாள் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூணு நாளு பொறுத்துக்க, போயிடும் என்றேன். மூன்றாம் நாள் வாந்தி. ஒரு வேளை தின்ற சோறும் உள்ளே நிற்கவில்லை.

"உப்பு போட்டு ரெண்டு வாய் கஞ்சி குடுக்கறேன்யா" என்றாள் அஞ்சலை.

"சத்தியம் பண்ணிருக்கான். வேணாம்."

அதைச் சொன்னவன் நான். அவள் இல்லை.

ஐந்தாம் நாள் கால்களை அகட்டி அகட்டி நடந்தான். ஓடுகிற லாரியின் மேல் நிற்கிறவன் மாதிரி. வாசலில் என்னைப் பார்த்து, "நைனா, ரெண்டு நைனா நிக்கிறீங்க" என்றான்.

"ஒருத்தனே உனுக்கு ஜாஸ்தி" என்றேன்.

ரம்யா சிரித்தாள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆறாம் நாள் எழுந்திருக்கவில்லை. தெருமுனை கிளினிக்குக்குத் தூக்கிப்போனேன். அங்கே இருந்த டாக்டர், "தண்ணி கிண்ணி போடுவானா?" என்று கேட்டார். இவர் முதல் ஆள். "இல்லீங்க" என்றேன். "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பு வரும்" என்று நான்தான் கேட்டு வாங்கினேன். எங்கள் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் குளுக்கோஸ்தான். ஏற்றினால் தெம்பு, ஏற்றாவிட்டால் டாக்டர் சரியில்லை.

இரண்டு பாட்டிலும் இறங்கி முடிந்தது. சாயந்திரம் அஞ்சலை அவன் முகத்தைத் துடைத்தாள். அவளைப் பார்த்து, "அக்கா, லாரி வந்திச்சா?" என்றான்.

பெற்றவளைத் தெரியவில்லை.

ஷேர் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு பையன் கேட்டான். இரண்டாவது ஆள். இல்லை என்றேன். வார்டில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் கட்டில் ஓரமாக நின்று நிதானமாகக் கேட்டார்.

"குடி, பீடி, மாத்திரை, பாக்கு, எதுனா பழக்கம் இருக்கா?"

"பொட்டலம் வைப்பான்."

அதை மட்டும் சொன்னேன். பொட்டலத்துக்குக் கயிறு கட்டவில்லை.

"குடி?"

"இல்லீங்க."

"நிச்சயமா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டியாகிவிட்டது. அவன் இப்போது குடிக்கிறதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கே எடை போட்டார்கள். முப்பத்தாறு கிலோ. நான் எழுபத்தைந்து கிலோ மூட்டை தூக்குகிறவன். என் பிள்ளை பாதி மூட்டை.

அப்புறம் டெஸ்ட்டுகள். ரத்தம் ஐந்தாறு குழாயில் எடுத்தார்கள். ரத்தமும் கம்மி என்றார்கள். ஸ்கேன் என்றால் ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை நுழைப்பார்கள். வலிக்காது. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று அதில் தெரியும். அதற்கு வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பேர் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பேருக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கேட்கவில்லை. காசு கேட்டிருந்தால் அந்தப் பயத்தையாவது பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அங்கே வேறு பயம் மட்டும்தான் இருந்தது.

முதுகு ஊசிதான் கஷ்டம். மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகெலும்பின் நடுவில் ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் நெஞ்சைத் தொடுகிற மாதிரி வளைத்துப் பிடிக்க வேண்டும். அசையக் கூடாது. நான்தான் பிடித்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவனை இறுக்கிப் பிடிக்க எனக்கு ஒரு கை போதும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறந்த அன்றைக்கு அவனை அப்படி ஒரு கையில் தூக்கினவன் நான்.

பக்கத்துக் கட்டிலில் சங்கராபுரம் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருத்தர். சர்க்கரை வியாதியில் காலில் புண். வாய் மட்டும் புண்ணில்லாமல் இருந்தது.

"இன்னாய்யா, உம் புள்ள கண்ணு தராசு முள்ளு மாதிரி ஆடிக்கினே இருக்குது?"

அவர் சம்சாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. "நீ வாய வச்சுக்கினு சும்மா கெட. சக்கர வியாதிக்காரன் நீ, டீக்கடக்காரன் வந்தா உன் கண்ணு ஆடற ஆட்டம் எனக்குத் தெரியாதா?"

"டீக்குத்தான் ஆடுது. உன்னப் பாத்து என்னிக்காவது ஆடிச்சா?"

அந்தம்மா சிரித்துக்கொண்டே அஞ்சலையிடம் ஒரு தூக்கு கஞ்சியை நீட்டினார். "புள்ளைக்கு ஊட்டும்மா."

"உப்பு போட்டிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"உப்பு போடாத கஞ்சிய எவ காச்சுவா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஸ்பூன் சத்தம் கேட்டது. உப்புக் கஞ்சியைத்தான் ஊட்டினாள். நான் தடுக்கவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான். நாலு ஸ்பூன் இறங்கியது. மிச்சம் வாய் ஓரமாக வழிந்தது.

மறுநாள் டாக்டரம்மா பேப்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. தண்டு நீர்லயும் ஒண்ணுமில்ல."

"நல்லதுதானுங்களே?"

"என்னன்னு தெரியாம மருந்து குடுத்துட்டு இருக்கோம்பா. அது நல்லதில்ல. நாளைக்குக் காலைல பெரிய டாக்டர் வந்து பாத்துட்டு வேற ஊருக்கு அனுப்பலாமான்னு சொல்லுவார்."

தினேசு கூரையைப் பார்த்து லாரி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அஞ்சலை அவன் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலை விட்டால் போய்விடுவான் என்கிற மாதிரி.

எனக்குப் பொறி தட்டாமல் இல்லை. குடிதான் காரணமோ என்று வந்தது. வந்ததும் அடுத்ததும் வந்தது. சொல்லி, கட்டு அவிழ்ந்து, இவன் பிழைத்து, மறுபடி குடித்துச் செத்தால்? வராண்டாவில் நடந்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடி. சொல்லலாம் என்று டாக்டர் அறை வரைக்கும் போவேன். திரும்பிவிடுவேன். அப்படி எத்தனை தடவை என்று தெரியாது. அந்த நேரமெல்லாம் அவன் மூளை கெட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்டால், அதுவும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அது மூன்றாவது காலை. இடது கை மருந்து ஏறி வீங்கிவிட்டது. வலது கையில் நரம்பு தேட நர்ஸ் வந்தார். கரியாலூர்க்காரம்மா. மலையிலிருந்து வந்து படித்து வேலைக்குச் சேர்ந்தவர். மணிக்கட்டில் கயிறு இடைஞ்சலாக இருந்தது. பாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்தார்.

"அறுக்காதீங்க!"

நான் கத்தினதில் வார்டே திரும்பியது. மூன்று நாளில் நான் குரலை உசத்தினது அதுதான் முதல் தடவை.

"இன்னா சாமி கயிறு இது?"

"மலையடிக் கோயிலு."

அவர் குனிந்து முடிச்சுகளைப் பார்த்தார். விரலால் தடவி எண்ணினார்.

"ஏழு முடிச்சு. இது குடிக்குக் கட்றதாச்சே. எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு தபா கட்டி ரெண்டு தபாவும் அவரே பல்லால கடிச்சு அவுத்தாரு." என் கையைப் பார்த்தார். "உங்க கையிலயும் இருக்குது. உங்களுக்கு மட்டும்னு நெனச்சேன். இந்தப் புள்ளைக்குமா?"

நான் என் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னாங்க, வாயில கொழுக்கட்டையா? கேட்டுக்கினு இருக்கேன்ல?"

அஞ்சலை எழுந்தாள். அவன் காலை அப்போதும் விடவில்லை.

"சொல்லுய்யா. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். கட்டு அவுந்தா அவுந்துட்டுப் போவுது. புள்ள இருந்தாத்தான கட்டு?"

அவளைச் சொல்ல விட்டிருக்கலாம். அவள் சொன்னால் பழி அவளுக்கு. நானே சொன்னேன்.

"குடிப்பான். ரெண்டு வருஷமா. சோறு துன்றதில்ல."

நர்ஸ் கயிற்றை அறுக்கவில்லை. முழங்கை வரைக்கும் மேலே தள்ளிவிட்டு ஓடினார்.

டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எப்ப நிறுத்தினான்?"

"இன்னியோட ஒம்போது நாளு."

"வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது குளுக்கோஸ் ஏத்தினீங்களா?"

"ரெண்டு பாட்டிலு."

ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள். பாட்டிலில் ஒரு மருந்தைக் கலந்தார்கள். தண்ணீராக இருந்தது மஞ்சளாக மாறி இறங்கியது.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு விளக்கிச் சொன்னார். புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். பி ஒன் என்று ஒரு சத்து இருக்கிறது. தின்கிற மாவையும் சர்க்கரையையும் உடம்பு எரித்து பலமாக்க அது வேண்டும். குடிக்கிறவன் உடம்பில் அது சரியாகச் சேராது. சோறும் தின்னாமல் வாந்தியும் எடுத்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அந்த நேரத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் மீதியையும் அது இழுத்துக்கொள்ளும். மூளைக்கு ஒன்றும் இருக்காது. கண் ஆடும். ஒன்று இரண்டாகத் தெரியும். கால் அகலும். ஆள் தெரியாது. முதலில் அந்த ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் குடிப்பானா என்று கேட்கிறார்கள். போலீசில் பிடித்துக்கொடுக்க இல்லை. மானத்தை வாங்க இல்லை.

"அந்தச் சத்து எதுலங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"பருப்பு, பயறு, வேர்க்கடலை. அரிசித் தவிட்டுல நெறய இருக்கு."

நான் தினமும் லாரியில் ஏற்றி அனுப்புகிற தவிடு.

"மொதல் நாளே சொல்லிருந்தா?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "தெரியலப்பா. நல்லா இருந்திருக்கலாம்." மறுபடி எழுதிக்கொண்டே சொன்னார். "பசி வரட்டும்னு இனிமே காத்திருக்காதீங்க. வேளைக்குக் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஒரேயடியா போட்டாலும் இந்த உடம்பு தாங்காது."

மறுநாள் சாயந்திரம் கண் ஆடுவது நின்றது. கரும்புக்காரர்தான் முதலில் பார்த்தார். "யோவ், முள்ளு நின்னுடுச்சுய்யா!" என்று கத்தினார். அதற்கு அடுத்த நாள் அஞ்சலையை அம்மா என்று கூப்பிட்டான். அவள் அழவில்லை. கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது.

மில்லிலிருந்து மூன்று பேர் ஆரஞ்சும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். "பேச்ச எடுத்துட்டியாமே ஏழுமல? இனி உன் கட்டும் அவுந்துது போ. அடுத்த வாரம் நம்ம கூட ஒரு கட்டிங்" என்றான் ஒருத்தன். விளையாட்டுக்குச் சொன்னான். இன்றைக்கு வரைக்கும் தொடவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

பதினெட்டு நாள் இருந்தோம். வார்டில் தினேசு வயசில் இன்னொரு பிள்ளையைக் கொண்டுவந்து போட்டார்கள். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்கிறவன். கை கால் குச்சி. டாக்டரம்மா கேட்டதற்கு அவன் அப்பன், "அதெல்லாம் இல்லீங்க, நல்ல புள்ளைங்க" என்றான். பிள்ளையின் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பிசின் வாடை எங்கள் கட்டில் வரைக்கும் அடித்தது. நான் எழுந்து போய் அந்த அப்பன் தோளைத் தொட்டேன்.

"அண்ணே, சொல்லிடுண்ணே. நான் சொல்லாம கெட்டேன்."

"உன் வேலையப் பாத்துக்கினு போய்யா" என்றான்.

என் கட்டிலுக்கு வந்துவிட்டேன். அவனுக்கு என்ன கயிறோ.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்லிவிடுங்கள். நேற்று நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். முந்தாநாள் வரைக்கும் குடித்தான் என்று சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லுங்கள். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. தினேசு நடக்கிறான். கொஞ்சம் அகட்டித்தான். எடை கூடியிருக்கிறது. பழையதெல்லாம் தெரியும். எட்டாவது வாத்தியார் பேர் தெரியும். லாரி நம்பர் தெரியும். புதிதாக எதுவும் தங்குவதில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இல்லை. டாக்டரம்மா, கொஞ்சம் திரும்பலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் இருந்ததே அவனுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போனதும் தெரியாது. அதற்கு முந்தின நாளோடு அவனுக்கு நாள் நின்றுவிட்டது.

காலையில் எழுந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பான்.

"நைனா, கயிறு கட்டப் போலாமா?"

முதலில் அவன் கையையே தூக்கிக் காட்டினேன். "இதோ கட்டியாச்சே" என்றேன். "இத எப்ப கட்டினது?" என்று கேட்டு, கயிற்றையே பார்த்துக்கொண்டு அழுதான். மறுநாளும் கேட்டான். மறுநாளும் அழுதான். ஒரு வாரம் பார்த்தேன். அந்த நர்ஸ் அறுக்காமல் விட்ட கயிற்றை நானே அறுத்துப் போட்டேன்.

இப்போது கேட்டால், "போலாம்டா. சாப்ட்டுட்டுப் போலாம்" என்கிறேன்.

உட்காருவான். அஞ்சலை சோறும் பயறும் போடுவாள். பாதியில் தலையைத் தூக்கி, "கட்னா பசிக்குமா நைனா?" என்பான்.

"பசிக்கும். நல்லா பசிக்கும். துன்னு."

தட்டு காலியாகும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் எங்கே கிளம்பினோம் என்பது அவனுக்கு மறந்துபோயிருக்கும். நடு வீட்டில் கொஞ்ச நேரம் நிற்பான். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான்.